பல்செட் போட்டும் மெல்ல முடியவில்லை: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறியும் வழிமுறை

“மெல்ல முடியவில்லை” என்று சொல்லிப் பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்துக் காட்டுபவரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, “எப்போது?” என்பது. முதல் கடியிலேயே சுரீரென்கிறதா, பத்து நிமிடம் உண்ட பிறகு எரிச்சல் ஏறுகிறதா, வலியே இல்லாமல் செட் கிளம்பி ஆடுகிறதா, அல்லது ஆட்டமும் வலியும் இல்லாமல் உணவு மட்டும் அரைபடாமல் வாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறதா என்பதைப் பொறுத்துப் பிழை இருக்கும் இடமே மாறிவிடும். அது செட்டில் இருக்கலாம், ஈறிலோ அதன் அடியிலுள்ள எலும்பிலோ இருக்கலாம், உமிழ்நீரில் இருக்கலாம், மெல்லும் பழக்கத்திலும் இருக்கலாம். செட்டைத் தேய்த்துச் சரிசெய்வதும் புதிதாகச் செய்வதும் பெரும்பாலும் பிழை செட்டில் இருந்தால்தான் உதவும் என்பதால், இன்ன வகை என்று பார்க்காமல் செட்டை மட்டும் மாற்றிக்கொண்டே போகிறவர்கள் மூன்றாவது செட்டிலும் அதே குறையோடுதான் இருக்கிறார்கள். கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி, ஒரு பல்லும் இல்லாத வாயில் போடும் முழுச் செட்டைப் பற்றியது. சில பற்கள் மிஞ்சியிருப்பவர்கள் போடும் பாதிச் செட் பின்னால் தனியாக வருகிறது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

பிழை தேடுவதற்கு முன்னால், பிழையே இல்லாத முழுச் செட் எவ்வளவு வேலை செய்யும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இயற்கைப் பற்கள் முழுதாக உள்ளவர் கடைவாய்ப் பற்களால் ஏறத்தாழ 500 முதல் 700 நியூட்டன் விசையோடு கடிக்க முடியும். முழுச் செட் அணிபவரின் கடிவிசை பெரும்பாலும் 100 முதல் 150 நியூட்டனுக்குள் நின்றுவிடுகிறது, அதாவது நான்கில் ஒரு பங்கு அல்லது ஐந்தில் ஒரு பங்கு. காரணம் தசையில் மட்டும் இல்லை. இயற்கைப் பல்லின் வேர் நுண்ணிய நார்களால் எலும்போடு தொங்கவிடப்பட்டிருக்கிறது. ஒரு தாடையில் அந்த நார்கள் பற்றியிருக்கும் பரப்பு மொத்தம் சுமார் 45 சதுர செ.மீ. மேல்செட் உட்காரும் ஈறுப் பரப்போ சுமார் 23 சதுர செ.மீ.; கீழ்செட்டுக்கு அதிலும் பாதியாகச் சுமார் 12 சதுர செ.மீ.தான் கிடைக்கிறது. போதாததற்கு, கடியின் பாரத்தைத் தாங்குவதற்காக ஈறு அமைந்ததும் இல்லை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மயிரிழை அளவு மணல் அகப்பட்டாலும் உணர்ந்துவிடும் நுண்ணுணர்வும் அந்த நார்களோடு போய்விட்டது. ஆகவே கொட்டைகளையும் பச்சைக் காய்களையும் முன்போல மெல்ல முடியவில்லை என்பது செட்டின் பிழை ஆகாது. மிருதுவாக வேகவைத்ததையும் சிறிதாக நறுக்கியதையும் மெல்ல முடியவில்லை என்றால் அது பிழைதான். தேடிப் பார்க்க வேண்டும்.

தட்டில் துப்பிப் பார்க்கும் சோதனை

செட் அணிந்து பல ஆண்டுகள் ஆனவரிடம் “நன்றாக மெல்லுகிறீர்களா?” என்று கேட்டால் பெரும்பாலும் “ஒரு குறையும் இல்லை” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. மெல்ல முடியாதவற்றை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, மீதியைப் பெரிய துண்டுகளாகவே விழுங்கப் பழகிவிட்டதால் அவருக்குக் குறை தெரிவதில்லை. ஒருவர் உணரும் மெல்லுந்திறனும் அளந்து பார்க்கும் மெல்லுந்திறனும் பல நேரங்களில் ஒத்துப்போவதே இல்லை. இதனால்தான் 1950-இல் மேன்லி, பிரேலி என்ற ஆய்வாளர்கள் வேர்க்கடலையைக் குறிப்பிட்ட தடவை மெல்லச் செய்து, துப்பியதைச் சல்லடையில் சலித்து, எவ்வளவு கீழே இறங்குகிறது என்று அளந்தார்கள். இப்போது பல இடங்களில் இரண்டு நிறச் சூயிங்கத்தை 20 தடவை மெல்லக் கொடுத்து, நிறங்கள் எவ்வளவு கலந்தன என்று பார்க்கிறார்கள்.

வீட்டில் செய்ய எளிய வடிவம் ஒன்று உண்டு. கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு, ஒரு காசுத் தடிமனில் கேரட் துண்டு ஒன்றை நறுக்கி, அரை வேக்காடு வேகவைத்து, வழக்கம்போல 20 தடவை மென்று, விழுங்காமல் வெள்ளைத் தட்டில் துப்பவும். விழுங்கும்போது இருமலோ புரையேறலோ வழக்கமாக உள்ளவர்கள் இந்தச் சோதனையைத் தனியாகச் செய்யக் கூடாது. தட்டில் இருப்பது பொடித்துகள்களும் சாறுமாக இருந்தால் அரைக்கும் திறன் இருக்கிறது. குறை வேறெங்கோ உள்ளது. துண்டு நசுங்கித் தட்டையாகி, உடையாமல் நார்நாராக நின்றால் பற்களின் மேல்பரப்பு மழுங்கிவிட்டது என்று ஐயப்படலாம். இரண்டு மூன்று பெருந்துண்டுகள் ஏறக்குறைய அப்படியே இருந்தால், கடிக்கும்போது துண்டு பல்லுக்கு நடுவே நிற்கவே இல்லை என்று பொருள். செட் ஆடுகிறதா, நாக்கும் கன்னமும் உணவைப் பல்மேல் தள்ளுகின்றனவா என்பதைப் பார்க்க வேண்டும். இதே சோதனையைச் சரிசெய்த பிறகும் செய்து பார்த்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

மென்றால் வலிக்கிறது

இதுவே மிகுதியாகச் சொல்லப்படும் குறை. தவறான இடத்தில் தேய்க்கப்படுவதும் இதில்தான் அதிகம். வலியின் மூலம் செட்டின் அடிப்பாகத்தில் இருக்கிறதா, மேல்கீழ்ப் பற்கள் சந்திக்கும் கடியில் இருக்கிறதா என்று பிரித்தறிய எந்தக் கருவியும் தேவையில்லை. செட்டைப் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தபடியே, ஆள்காட்டி விரலால் கீழ்செட்டின் நடுக்கடைவாய்ப் பகுதியை ஒரு பக்கமாகவும் பிறகு மறுபக்கமாகவும் நேராகக் கீழ்நோக்கி அழுத்தவும். அழுத்தும்போதே வலித்தால் அடிப்பாகத்தில் மேடோ கூரோ இருக்கிறது, அல்லது அந்த இடத்தில் எலும்பு கத்திமுனை போலக் கூர்மையாகிவிட்டது. விரலால் எவ்வளவு அழுத்தினாலும் வலிக்காமல், கடித்தால் மட்டும் வலித்தால் குற்றவாளி கடிதான்.

கடிப்பிழை எப்படி வேலை செய்கிறது என்பதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கீழ்ஈறின் உள்பக்கச் சரிவில், நாக்கை ஒட்டி, அரிசி மணி அளவில் வெண்ணிறப் புண் ஒன்று இருக்கும். சுற்றிலும் சிவப்பு வளையம். அந்த இடத்துக்கு நேரே செட்டைத் தேய்த்துக் கொடுத்தால் நான்கு நாள் நன்றாக இருக்கும். ஐந்தாம் நாள் அதற்குச் சற்றுப் பின்னால் புதிய புண் வரும். மீண்டும் தேய்த்தால் மீண்டும் நகரும். இப்போது நீல நிறக் கடித்தாளைப் பற்களுக்கு நடுவே வைத்து மெதுவாகத் தட்டச் சொன்னால், இருபக்கமும் சீராகப் புள்ளிகள் விழுவதற்குப் பதிலாக, புண் இல்லாத மறுபக்கத்துக் கடைவாய்ப் பல்லில் ஒரே ஒரு கருநீலப் புள்ளி, நடுவில் வெளுத்த வட்டத்தோடு, அழுத்தமாகப் பதிந்திருக்கும். அந்தப் பல் மற்றவற்றுக்கு முன்னால் இடிக்கிறது. இடித்ததும் கீழ்செட் முழுவதும் எதிர்ப்பக்கமாகச் சறுக்குகிறது. சறுக்கும் செட்டின் உட்பக்கம் ஈறுச் சரிவில் உராய்கிறது. புண் ஒரு கரையில், காரணம் மறுகரையில். ஈறு மெத்தைபோல அமுங்குவதால் வாய்க்குள்ளேயே வைத்துப் பார்க்கும் நீலப்புள்ளிகளும் சில சமயம் ஏமாற்றும். அப்படிப்பட்டவற்றில் கடியைப் பதிவெடுத்து, இரண்டு செட்டையும் ஆர்ட்டிகுலேட்டர் என்னும் தாடைப் பொறியில் பொருத்தி வெளியே வைத்துத் தேய்ப்பதே சரியான முறை. நாலைந்து முறை தேய்த்தும் வலி இடம்மாறிக்கொண்டே இருந்தால் மருத்துவரிடம் இதைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை.

புதிய செட்டின் ஓரம் நீண்டிருந்து, கன்னமும் ஈறும் சேரும் மடிப்பில் கோடுபோட்டதுபோல் புண் வருவது இதைவிட எளிய குறை. ஒன்றிரண்டு முறை ஓரத்தைக் குறைத்தால் தீர்ந்துவிடும். ஆனால் வலிக்கிறது என்று மூன்று நாள் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு மருத்துவரிடம் போனால் புண் ஆறியிருக்கும், எங்கே தேய்ப்பது என்று அவருக்கும் தெரியாது. பொறுக்கக்கூடிய வலியாக இருந்தால், போவதற்கு முந்தைய நாள் முழுவதும் போட்டிருந்து, கடைசியாக ஒருவேளை உணவையும் அதிலேயே உண்டுவிட்டுச் செல்வது நல்லது. வீட்டில் அரம், உப்புத்தாள், கத்தி எதனாலும் தேய்க்க வேண்டாம். எடுக்க வேண்டியது பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்கு மேல் எடுத்துவிட்டால் மேல்செட்டைப் பிடித்து நிறுத்தும் ஓர அடைப்பே போய்விடும்.

கீழ்செட்டில் கடிக்கும்போது கீழுதட்டிலோ முகவாயிலோ மின்னல் வெட்டியதுபோல் சுள்ளென்று ஓடினால், அல்லது அங்கே மரத்துப்போனால், அது தனி வகை. கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு, முன்கடைவாய்ப் பற்கள் இருந்த இடத்துக்கு அடியில் எலும்பிலுள்ள ஒரு துளை வழியாக வெளிவருகிறது. பல் போன பிறகு எலும்பு தேய்ந்து தேய்ந்து இறங்கும்போது, பக்கச்சுவரில் இருந்த அந்தத் துளை உச்சிக்கே வந்துவிடலாம். அப்போது ஒவ்வொரு கடியும் நரம்பின் மேலேயே விழுகிறது. அந்த இடத்துக்கு நேரே செட்டின் உட்புறத்தைக் குடைந்து இடம்விட்டால் பெரும்பாலும் குறையும். செட் போடாத நேரத்திலும் மரத்தல் நீங்காவிட்டால் செட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே பரிசோதிக்க வேண்டும்.

ஓரிடம் என்று சொல்ல முடியாமல் ஈறு முழுவதும் எரிந்தால் பார்க்க வேண்டியவை வேறு. முதலாவது, செட்டின் உயரம். உதடுகளை இலேசாக மூடி “ம்” என்று சொல்லி அப்படியே தாடையைத் தளர்த்தினால் மேல்கீழ்ப் பற்களுக்கு நடுவே 2 முதல் 4 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அப்போதும் பற்கள் தொட்டுக்கொண்டிருந்தால், பேசும்போது பற்கள் டக்டக்கென்று இடித்தால், மாலைக்குள் கன்னத் தசை சோர்ந்தால், செட் உயரமாகச் செய்யப்பட்டிருக்கிறது. ஈறுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. இது தேய்த்துத் தீரும் அளவைத் தாண்டியிருந்தால் பற்களை மறுபடி அடுக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, இரவிலும் கழற்றாத பழக்கம். செட்டின் அடியில் பூஞ்சை வளர்ந்து அண்ணம் செட்டின் அச்சிலேயே சிவந்துபோவது மிகவும் பரவலானது. பலருக்கு வலி இருக்காது, சிலருக்கு எரிச்சல் மட்டும் இருக்கும். இரவில் கழற்ற வேண்டியதற்கு ஈறைத் தாண்டிய காரணமும் உண்டு. ஜப்பானில் 85 வயதும் அதற்கு மேலும் ஆன 524 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பல்செட்டோடு உறங்குபவர்களுக்கு நுரையீரல் அழற்சி ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. கழற்றிய செட்டை மென்மையான பிரஷால் சோப்புநீரில் கழுவி, குளிர்ந்த நீரில் மூழ்கவைக்கவும். கொதிநீர் செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும், பற்பசை அதைக் கீறிவிடும்.

எந்தப் புண்ணானாலும், காரணமான இடத்தைச் சரிசெய்தோ செட்டைக் கழற்றிவைத்தோ இரண்டு வாரம் ஆகியும் ஆறவில்லை என்றால், அதைச் செட் புண் என்று கருதுவதை நிறுத்திவிட வேண்டும். வாய்ப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்வது அப்போது முதல் வேலை.

செட் கிளம்புகிறது, ஆடுகிறது

மேல்செட்டும் கீழ்செட்டும் வெவ்வேறு காரணங்களால் ஆடுகின்றன. ஆகவே எது ஆடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு பேசிப் பார்த்து, பிறகு மற்றதை மட்டும் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

மேல்செட்டை மெல்லிய உமிழ்நீர்ப் படலமும் சுற்றோர அடைப்பும் சேர்ந்து அண்ணத்தோடு ஒட்டிப் பிடிக்கின்றன. மெல்லும்போது அது கழன்று விழுந்தால், விழுவது முன்பல்லால் கடிக்கும்போதா என்று கவனிக்கவும். ஆப்பிளை முன்பல்லால் கடித்து இழுத்தால் செட்டின் முன்பகுதி ஈறில் அழுந்தும், பின்பகுதி கிளம்பும், காற்று உள்ளே புகும், பிடிப்புப் போகும். இது பிழை அன்று, நெம்புகோல் விதி. முன்பல்லால் கடிக்காமல் கத்தியால் துண்டு போட்டு நேரே கடைவாய்க்குக் கொண்டுபோவதே தீர்வு. கட்டாயம் முன்பல்லால்தான் கடிக்க வேண்டும் என்றால், பிய்த்து இழுக்காமல், கடித்தபடியே உணவை உட்பக்கமாகத் தள்ள வேண்டும்.

கடைவாயால் மெல்லும்போதும் மேல்செட் இறங்கினால் வேறு இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். முன்ஈறைச் சுத்தமான விரலால் அசைத்துப் பார்த்து, எலும்பின்மேல் இறுக்கமாக இல்லாமல் தொளதொளவென்று நழுவினால் செட்டுக்கு அடித்தளமே நகர்கிறது. இத்தகைய ஈறுக்கு அழுத்தாமல் அச்செடுக்கும் முறை தனியாக உண்டு. அண்ணத்தின் நடுவில் எலும்பு மேடு இருந்து, செட் அதன்மேல் சீசாப் பலகைபோல் இருபக்கமும் சாய்ந்தாடினால், அந்த மேட்டுக்கு நேரே குடைந்துவிட வேண்டும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் செட் நடுக்கோட்டில் உடையும்.

கீழ்செட்டுக்கு ஒட்டும் அடைப்பு கிடைப்பதே அரிது. நாக்கு ஒருபுறம், கன்னமும் உதடும் மறுபுறம் என்று இரண்டு நகரும் சுவர்களுக்கு நடுவே லாட வடிவத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. அதன் அடித்தளமும் ஆண்டுதோறும் தேய்கிறது. முழுச் செட் அணிபவர்களை 25 ஆண்டுக் காலப் பரப்பில் ஆராய்ந்து 1972-இல் டால்கிரென் வெளியிட்ட முடிவின்படி, கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்பு மேல்த்தாடையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு உயரம் குறைந்திருந்தது. பல் பிடுங்கிய முதல் ஓராண்டில் தேய்வு மிக வேகம். பிறகு மெதுவாகும், ஆனால் நிற்பதில்லை. “போன ஆண்டு இறுக்கமாக இருந்தது, இப்போது தொளதொளக்கிறது” என்பவரின் செட் மாறவில்லை, தாடை மாறியிருக்கிறது. உடல் எடை குறைந்தாலும் இப்படி ஆவதுண்டு. பற்கள் தேயாமல் கடியும் சரியாக இருந்தால், உட்புறத்தில் புதிய அக்ரிலிக் அடுக்கிடும் ரீலைன் வேலையே போதும், புதுச் செட் வேண்டியதில்லை. கடையில் விற்கும் சுயமாக ரீலைன் செய்யும் பொருள்களை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு பக்கம் தடிமனாக உறைந்துவிட்டால் மேலே சொன்ன கடிப்பிழை புதிதாகப் பிறக்கும்.

வாயைத் திறந்த உடனேயே கீழ்செட் எழும்பினால் ஓரங்கள் நீளம் என்று கொள்ளலாம். திறக்கும்போது கிளம்பாமல் நாக்கைப் பின்னுக்கு இழுக்கும்போது மட்டும் கிளம்பினால் நாக்கின் இருப்பைத் திருத்த வேண்டும். நாக்கின் நுனி கீழ்முன்பற்களின் உட்புறத்தை இலேசாகத் தொட்டபடி, பக்கங்கள் செட்டின்மேல் படர்ந்திருப்பதே அதைப் பிடித்துவைக்கும் இருப்பு. சிலருக்குப் பல் இல்லாத காலத்திலேயே நாக்கு பின்வாங்கிப் பழகியிருக்கும். கண்ணாடி முன் நாளுக்குச் சில நிமிடம் பழகினால் பெரும்பாலானோருக்கு வந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்தவரை, இவ்வளவு செலவில்லாமல் இவ்வளவு பலன் தரும் வேறு திருத்தம் இல்லை.

ஒட்டுப்பசை உதவும், ஆனால் பொருந்தாத செட்டைப் பொருந்தவைக்காது. கழுவித் துடைத்த செட்டில் மெல்லிய கோடுகளாகச் சிறிதளவு போதும். வழிந்து வெளிவந்தால் அது அதிகம். ஒரு நாளில் பலமுறை பூச வேண்டியிருந்தால் ரீலைனுக்கு நேரம் வந்துவிட்டது. துத்தநாகம் கலந்த பசையை ஆண்டுக்கணக்கில் அளவுமீறிப் பயன்படுத்தியவர்களுக்கு உடலில் தாமிரம் குறைந்து நரம்புப் பாதிப்பு ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. துத்தநாகம் இல்லாததைப் பார்த்து வாங்குவது நல்லது.

கீழ்த்தாடை மிகவும் தேய்ந்து, எதைச் செய்தும் செட் நிற்கவில்லை என்றால், முன்பகுதியில் எலும்புக்குள் பதிக்கும் செயற்கை வேர்களான இம்ப்ளான்ட் இரண்டு வைத்து அதன்மேல் சொருகும் கீழ்செட் பெரிய மாற்றத்தைத் தரும். 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதல் தேர்வாக இதையே கருத வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். மேல்செட் பெரும்பாலும் சாதாரணமானதாகவே இருக்கலாம்.

வலியும் இல்லை, ஆட்டமும் இல்லை, ஆனால் அரைபடவில்லை

பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒரே செட்டைப் போட்டிருப்பவர்களிடம் இதைக் காணலாம். செட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் கடைவாய்ப் பற்களைப் பார்த்தால், மேடும் பள்ளமும் போய், கூழாங்கல்போல் வழவழவென்று பளபளக்கும். அக்ரிலிக் பற்கள் தேய்வது இயல்பு. தேய்ந்த பரப்பு உணவை நசுக்கும், வெட்டாது. கீரையும் இறைச்சியும் நாராகவே நிற்கும். கூடவே முகத்தின் கீழ்ப்பகுதி சுருங்கி, முகவாய் மூக்கை நோக்கி ஏறியதுபோல் தோன்றும். கடைவாயோரம் ஈரமாகி வெடித்திருக்கும். உயரம் இழந்த செட்டுக்கு ரீலைன் பயன்படாது, புதிய செட்தான். ஆனால் இழந்த உயரம் முழுவதையும் ஒரே நாளில் திரும்பக் கொடுத்தால் தசை ஏற்றுக்கொள்ளாமல் போகலாம் என்பதால், பழைய செட்டின் மேலேயே சிறிது சிறிதாக உயர்த்திப் பழக்கிய பிறகு புதியதைச் செய்பவர்களும் உண்டு.

செட் புதியது, பற்கள் கூர்மை, ஆனாலும் அரைபடவில்லை என்றால் மெல்லும் முறையைப் பார்க்க வேண்டும். இயற்கைப் பல் உள்ளவர் ஒரு பக்கம் மட்டும் மெல்லலாம். செட் அணிபவர் அப்படி மென்றால் மறுபக்கம் கிளம்பும், கிளம்புவதை உணர்ந்த தசை தானாகவே விசையைக் குறைத்துக்கொள்ளும். ஒரு வாய் உணவை இரண்டாகப் பிரித்து இருபக்கமும் ஒரே நேரத்தில் வைத்து, பக்கவாட்டில் அரைக்காமல் மேலும் கீழுமாக நேராக மெல்ல வேண்டும். எடுக்கும் கவளம் வழக்கத்தில் பாதியாகவும் மெல்லும் எண்ணிக்கை கூடுதலாகவும் இருக்க வேண்டும். முதல் சில நாள் கரண்டியால் நசுக்கக்கூடியவை, அடுத்து முள்கரண்டியால் வெட்டக்கூடியவை, அதன் பிறகு கத்தி தேவைப்படுபவை என்ற வரிசையில் ஏறினால் பழகுவது எளிது. தசைகள் புதிய அசைவைக் கற்றுக்கொள்ள ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதற்குள், வலியில்லாத ஒரு செட்டை “சரியில்லை” என்று தூக்கிப்போட வேண்டாம். அதே நேரத்தில், “போகப் போகப் பழகிவிடும்” என்று வலியைச் சகித்துக்கொள்ளச் சொல்பவர் பேச்சையும் கேட்க வேண்டாம். பழகுவது தசை, புண் பழகாது.

கன்னமோ நாக்கோ கடிபடுகிறது

முதல் வாரத்தில் ஓரிரு முறை என்றால் பொருட்படுத்த வேண்டாம். நீண்ட நாள் பல்லில்லாமல் இருந்தவரின் கன்னமும் நாக்கும் வெற்றிடத்துக்குள் பரந்திருக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கடிபட்டால், மேல்கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பற்களைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டியதற்கு மாறாக இரண்டும் ஒரே விளிம்பில் நிற்கின்றன என்று பொருள். கீழ்ப்பல்லின் வெளிவிளிம்பைச் சற்று உருட்டினால் தீரும்.

உணவு செட்டின் அடியில் புகுகிறது

சிறிதளவு புகாத முழுச் செட் இல்லை. விதைகளும் பருக்கைகளும் புகுந்து, ஒவ்வொரு முறையும் எழுந்து கழுவும் அளவுக்குப் போனால், மேலே ஆட்டத்துக்குச் சொன்னவற்றையே தேட வேண்டும்.

வாய் உலர்ந்திருக்கிறது

உமிழ்நீர் இல்லாமல் மேல்செட் ஒட்டாது, செட் உராய்வது பொறுக்காது, உணவு உருண்டையாகத் திரளாது. இதனால் உலர்ந்த வாயின் குறை வலியாகவும் ஆட்டமாகவும் விழுங்க முடியாமையாகவும் வேடம் மாற்றிக்கொண்டு வரும். உண்ணாத நேரத்தில், பத்து நிமிடம் விழுங்காமல் ஊறுவதை ஒரு சிறு கோப்பையில் விட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து பார்க்கலாம். நிமிடத்துக்கு 0.3 மி.லி.க்கு அருகில் இருந்தால் இயல்பு. பத்து நிமிடத்தில் மொத்தம் 1 மி.லி.கூட இல்லை என்றால் உமிழ்நீர்க் குறைவு. இரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை முதலியவற்றுக்குத் தரப்படும் மருந்துகள் பலவும் உமிழ்நீரைக் குறைப்பவை. தானாக நிறுத்தாமல், மாற்று உண்டா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்க வேண்டும். செட்டை நனைத்துப் போடுவது, ஒவ்வொரு கவளத்துக்கும் நடுவே ஒரு மிடறு நீர், குழம்பான உணவு, மருந்துக்கடையில் கிடைக்கும் செயற்கை உமிழ்நீர் ஆகியவை கைகொடுக்கும்.

சூடும் சுவையும் தெரியவில்லை

சுவை மொட்டுகளில் பெரும்பாலானவை நாக்கில்தான் உள்ளன. அவற்றைச் செட் மூடுவதில்லை. மூடப்படுவது அண்ணம், மறைந்துபோவது உணவின் பதமும் வெப்பமும். சூடான பானம் வாய்க்குள் மிதமாகத் தோன்றி, தொண்டைக்கு இறங்கிய பிறகே சுடும். முதல் சில வாரங்களுக்கு உதட்டில் வைத்துச் சூடு பார்த்துக் குடிக்கவும்.

பாதிச் செட்டின் குறைகள்

மிஞ்சிய பற்களில் கம்பிக் கொக்கிகளால் மாட்டும் பாதிச் செட்டில், பின்பக்கம் தாங்கப் பல்லே இல்லாத வகைதான் அதிகம் தொல்லை தருகிறது. முன்பகுதியைப் பல் தாங்குகிறது, பின்பகுதியை ஈறு தாங்குகிறது. பல் அசையும் அளவைவிட ஈறு பல மடங்கு அமுங்கும். கண்ணாடி முன் செட்டின் கடைசி முனையை விரலால் அழுத்தி, கொக்கியை ஒட்டிய தாங்கி பல்லைவிட்டு மேலே எழுகிறதா என்று பார்க்கவும். எழுந்தால், ஒவ்வொரு மெல்லலும் கொக்கி மாட்டிய பல்லை நெம்புகிறது. அந்தப் பல் ஆடத் தொடங்குவதற்குள் ரீலைன் செய்துவிட வேண்டும். கொக்கி தளர்ந்திருந்தால் வீட்டில் குறடால் முறுக்கக் கூடாது. செட்டைக் கடித்து உட்காரவைக்கும் பழக்கமும் கொக்கியை உடைக்கும். விரலால் அழுத்தி உட்காரவைக்க வேண்டும்.

மிஞ்சிய பற்களை எப்பாடுபட்டாவது காப்பது இங்கே மெல்லும் வசதிக்காகவே முக்கியம். 80 வயதில் 20 சொந்தப் பற்கள் என்ற இலக்கோடு ஜப்பான் 1989-இல் தொடங்கிய இயக்கம், ஏறக்குறைய அத்தனை பற்கள் இருந்தால் பெரும்பாலான உணவை மெல்ல முடியும் என்ற கணக்கில் அமைந்தது. இருபது இல்லாவிட்டாலும், கீழ்த்தாடையின் இரண்டு கோரைப்பற்களின் வேர்களை மட்டும் காப்பாற்றி, அவற்றின்மேல் செட்டை உட்காரவைத்தால்கூட எலும்பு தேய்வது குறைகிறது, கடியின் உணர்வும் ஓரளவு மிஞ்சுகிறது. “எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழுச் செட் போட்டுவிடலாம்” என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிட்டு முடிவு செய்யவும்.

நேற்றுவரை சரியாக இருந்தது, இன்று திடீரென்று முடியவில்லை

உடைந்த செட்டைத் தவிர, பல்செட் ஒரே நாளில் கெடுவதில்லை. திடீரென்று உணவு ஒரு பக்கக் கன்னத்திலேயே தேங்கினால், கடைவாயோரம் ஒழுகினால், கீழ்செட் ஒரு பக்கம் மட்டும் நழுவினால், முகத்தின் ஒரு பாதி தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, ஒரு கை வலுவிழந்திருக்கிறதா என்று பார்த்து, ஏதாவது ஒன்று இருந்தால் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பக்கவாதத்தின் முதல் அடையாளம் சாப்பாட்டு மேசையில் தெரிவதுண்டு. செட் உடைந்திருந்தால் துண்டுகளைத் தொலைக்காமல் எடுத்துவைக்கவும். வீட்டுப் பசையால் ஒட்டிவிட்டால் விளிம்புகள் பொருந்தாமல் போய்ப் பழுதுபார்ப்பதே கடினமாகும்.

மருத்துவரிடம் போகும்போது

எந்த உணவை, எந்தப் பக்கம் மெல்லும்போது, எத்தனை நிமிடத்தில் தொந்தரவு வருகிறது என்பதை மூன்று நாள் எழுதிவைத்துக் கொண்டுபோகவும். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலும் இருக்கட்டும். ஓரளவாவது வசதியாக மென்ற பழைய செட் வீட்டில் எங்காவது இருந்தால், உடைந்ததாக இருந்தாலும் சரி, ஈரத்துணியில் சுற்றி அதையும் எடுத்துச் செல்லவும். அதன் உயரம், பற்கள் நின்ற இடம், எந்தப் பக்கம் அதிகமாகத் தேய்ந்திருக்கிறது என்பனவற்றிலிருந்து, உங்கள் தாடை எப்படி மெல்லப் பழகியிருக்கிறது என்பதை அவர் புதிய செட்டை வாயில் வைப்பதற்கு முன்பே படித்துவிட முடியும்.